வாகனம் வராத பாதை

எரிமலை பார்க்கச் சைக்கிளில் போகலாம் என்று டேனிஷ் டீச்சர் சொன்னபோது நான் உடனே தலையாட்டிவிட்டேன். டென்மார்க்கில் எரிமலையும் இல்லை, மலை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை என்பது எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் எனக்குத் தெரியாது. நாங்கள் விபோர்க்குக்கு வந்து ஒரு குளிர்காலந்தான் கழிந்திருந்தது. வீடு, மொழி படிக்கும் பள்ளிக்கூடம், கடை. எனக்குத் தெரிந்த டென்மார்க் அவ்வளவுதான். படித்த மனுஷி எரிமலை என்று சொன்னால், இல்லை என்று மறுக்க நான் யார்?

ஆனால் நான் தலையாட்டியது எரிமலைக்காக அல்ல, சைக்கிளுக்காக.

என் கணவர் ஊரில் ஒரு சைக்கிள் பைத்தியம். தபால் கந்தோரில் வேலை. கந்தோருக்கு நடந்தே போகலாம், அவர் சைக்கிளில்தான் போவார். என்னை முன்னுக்குச் சைக்கிள் பாரில் இருத்தி யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றியிருக்கிறார். மிதிக்கத் தொடங்கினால் வாய் ஓயாது. யார் யாரோடு கோபம், எந்த வளவில் மாங்காய் நல்லது, எந்தச் சந்தியில் தேத்தண்ணி வாய்க்கு நல்லது என்று காது புளிக்கப் புளிக்கக் கதைத்துக்கொண்டே வருவார். “கொஞ்சம் வாயை மூடுங்கோவன், உள்ளுக்கு ஈ இலையான் போயிடும்” என்று நான் ஏசுவேன்.

அவருடைய தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போன பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. நான் அப்போது அம்மா வீட்டில் இருந்தேன். “தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்” என்று வந்து சொன்னார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. தம்பி திரும்பி வரவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க எந்த முகாமில்தான் ஏறி இறங்கவில்லை! பிறகு இருந்ததை விற்று இங்கே வந்து சேர்ந்தோம். இங்கே அவர் சமையலறை ஜன்னலடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தம். காலையில் பார்த்தாலும் பஸ், மாலையில் பார்த்தாலும் பஸ். கேட்டால் “ஓம்”, “இல்லை.” போட்டால் சாப்பிடுவார். என்னோடு ஒரு நிழலைக் குடிவைத்த மாதிரி இருந்தது. எனக்கு என் மனுஷன் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. அந்த வாயாடி எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும், எரிமலைக்குள் இறங்கவும் நான் தயார்.

டீச்சருக்கு வயது ஐம்பது இருக்கும். அவருடைய கணவர் ஒரு தாடிக்காரத் தச்சர். இரண்டு பேரும் கோடை வந்தால் கூடாரத்தையும் கட்டிக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டுவிடுகிறவர்கள். எங்களுக்கும் இரண்டு சைக்கிள் இரவல் வாங்கித் தந்தார்கள். என்னுடையதில் கையில் பிறேக் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். எங்கள் ஊரில் சும்மா உருளும்போது பெடலைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டு போவது ஒரு பழக்கம் அல்லவா? நான் அப்படிச் சுற்றினேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கால் தேய்ந்தது. கணவரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதைப் பார்த்தேன். அதற்காக மற்ற முழங்காலையும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

நாங்கள் போகவேண்டிய இடம் ஃபூர் என்ற தீவு. ஸ்கீவ் வரைக்கும் சைக்கிள்களோடு ரயிலில் போய், அங்கிருந்து மிதித்து, கடைசியில் அக்கரைக்கு ஆளும் வாகனமும் ஏற்றுகிற ஒரு பாதைப் படகில் ஏறவேண்டும். இரவு அங்கேயே கூடாரம். டீச்சர் கறுத்தப் பாணும் சீஸும் எடுத்துவந்தார். நான் ரொட்டியும் கட்டைச் சம்பலும் அவித்த முட்டையும் கட்டினேன். தச்சர் சம்பலை ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, நெடுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்கீவிலிருந்து போன ரோட்டில் வாகனங்களுக்குக் குறைவில்லை. கார், பால் லொறி, பன்றி ஏற்றிய லொறி, கூடாரவண்டி இழுத்துப் போகிற ஜெர்மன்காரர். ஒவ்வொரு லொறியும் கடக்கும்போது சைக்கிள் ஒருதரம் ஆடும். டீச்சர் முகத்தைச் சுளித்து, “கொஞ்சம் பொறுங்கள், தீவுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் கணவர் முன்னால் போய்விட்டார். முதுகு நிமிர்ந்திருந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்குக் கையசைத்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைக் கூப்பிட்டார்.

“இஞ்சேரும், காத்துக்கு எதிரா நிண்டு மல்லுக்கட்டாதையும். எனக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வாரும்.”

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு சொல்லி எத்தனை காலம்! நான் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். ஒரு வயலைக் காட்டி, இது பார்லி, கள்ளுக்குப் பதிலாக இவர்கள் இதில்தான் பியர் வடிக்கிறார்கள் என்றார். அது அவருக்கு எப்படித் தெரியுமோ. பிழையென்றாலும் எனக்குக் கவலையில்லை. மிதித்துக்கொண்டே அழுதேன். காற்று இருந்தபடியால் ஒருவரும் கவனிக்கவில்லை.

படகில் ஏறி உட்கார முன்பே அக்கரை வந்துவிட்டது. தீவில் இறங்கியதும் டீச்சர் வரைபடத்தை விரித்து, புள்ளி புள்ளியாகப் போன ஒரு கோட்டில் விரலை வைத்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“இது பழைய மண்பாதை. மேட்டுக்கு மேலால் போய் எரிமலைச் சாம்பலுக்குக் கொண்டுபோய் விடும். ஒரு கார்கூட இல்லை. பாதை முழுவதும் எங்களுக்குத்தான்.”

எரிமலைச் சாம்பலா, எரிமலையா என்று நான் கேட்டேன். டீச்சர் மண்ணில் படம் கீறி, கையாலும் காட்டி விளங்கப்படுத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எரிமலை இங்கே இல்லை. எத்தனையோ கோடி வருடத்துக்கு முன்பு வடக்கே எங்கேயோ வெடித்தது. அதன் சாம்பல் காற்றில் வந்து இங்கிருந்த கடலில் விழுந்தது. கடலடி மண் பிறகு மேலே தள்ளுப்பட்டுத்தான் இந்த மேடுகள் வந்தன. மண்ணை வெட்டினால் கறுப்புக் கறுப்பாகச் சாம்பல் கோடுகள் தெரியுமாம். மலை எங்கேயோ, சாம்பல் இங்கே. இதைப் பார்க்கவா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தேன் என்று மனதுக்குள் திட்டினேன். வேறோர் இடத்தில் நூற்றைம்பது மீற்றர்கூட இல்லாத ஒரு மேட்டுக்கு ஆகாயமலை என்று பெயர் வைத்திருக்கிற சனம் வேறு என்ன செய்யும்?

பாதை அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஊதாநிறப் பற்றைகள். கீழே தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை. எங்கள் டயரில் மணல் நொறுங்குகிற சத்தமும் ஒரு குருவியும் மட்டும். டீச்சரும் தச்சரும் முன்னால் போனார்கள். அதுவரை முன்னால் போன என் கணவர் இப்போது எனக்குப் பின்னால் வந்தார். திரும்பிப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, களைச்சுப் போனியளோ?”

“இல்லை.”

மறுபடியும் அந்த ஒற்றைச் சொல். மேடு ஏறி அவருக்குப் பழக்கமில்லை, யாழ்ப்பாணம் தட்டையான ஊர், அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரே ஒரு கிழவர் சைக்கிளில் வந்தார். என் கணவர் சட்டென்று இறங்கி, வழியை மறித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார். “தற் சைட் ஹவ்? எனி புறொப்ளம்?”

கிழவருக்கு விளங்கவில்லை. பிறகு ஏதோ விளங்கி, கையால் காற்றைக் காட்டி, மேற்குக் காற்று கொஞ்சம் பலம் என்று டேனிஷில் சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எதிரே வருகிற சைக்கிள்காரரைப் பார்த்து “அங்காலை எப்பிடி?” என்று கேட்காமல் யாரும் கடக்கமாட்டார்கள். சாப்பிட்டாச்சோ என்று கேட்கிற மாதிரி அது வாயில் வந்துவிட்டது. அங்காலை ஆமி நிற்கிறதா என்பதுதான் கேள்வி. “பிரச்சினை இல்லை” என்றால் போகலாம், “பொறுங்கோ” என்றால் ஒழுங்கைக்குள் திருப்பவேண்டும். ஃபூர் தீவில் வந்து இதைக் கேட்கிறாரே, இந்த மனுஷனைக் கொண்டு என்ன செய்வது என்று சிரித்துக்கொண்டே மிதித்தேன். சிரித்தபடியால் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

மேட்டின் உச்சியில் டீச்சரும் தச்சரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். அவர் வரவில்லை. முட்டையை உரித்து வைத்தேன். வரவில்லை. சங்கிலி கழன்றிருக்கும் என்று தச்சர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கினார். நானும் ஓடினேன். பாதை வளைந்து வளைந்து வெறுமையாகக் கிடந்தது. எங்கேயோ தூரத்தில் ஒரு உழவு இயந்திரம் உறுமிக்கொண்டு போனது. அதுவும் அடங்கிவிட்டது.

சைக்கிளைக் கண்டுபிடித்தது நான்தான். பாதையை விட்டுத் தள்ளி, பற்றைக்குள் படுக்க வைத்திருந்தார். விழுந்த சைக்கிள் அல்ல அது. ஹாண்டிலைத் திருப்பி ஒழுங்காகப் படுக்கவைத்து, மினுங்குகிற மட்காட்டுக்கு மேலே பிடுங்கிய பற்றையைப் போட்டு மூடியிருந்தார். எங்கள் ஊர்ப் பனங்காணிகளில் ஆமிக்கு ஒளிக்கிறவர்கள் சைக்கிளை இப்படி மூடிவைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பஸ் நின்று, கார் நின்று, ரோட்டு திடீரென்று வெறிச்சோடினால் சுற்றிவளைக்கிறார்கள் என்று அர்த்தம். அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாகனம் ஓடுகிற ரோட்டில்தான் மனுஷர் போகலாம். வாகனம் இல்லாத ரோட்டில் யாரும் நிற்கமாட்டார்கள். நாங்கள் அவரைக் கூட்டிவந்து அப்படிப்பட்ட ஒரு ரோட்டில் விட்டிருக்கிறோம். அதிலும் நல்ல ரோட்டு என்று சொல்லி.

கொஞ்சம் தள்ளி, மண் வெட்டி எடுத்த ஒரு பெரிய பள்ளம். அதன் வெட்டுச் சுவர் வெளிர்மஞ்சள். அதில் டீச்சர் சொன்ன கறுப்புக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடின. அந்தச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அவர் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் அமத்திக் காட்டினார்.

“குனியும், குனியும்! வெளியிலை தலையைக் காட்டாதையும்!”

நான் சறுக்கிக்கொண்டு இறங்கி அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். “இது டென்மார்க்கப்பா” என்றேன்.

“எனக்குத் தெரியும். எனக்கென்ன விசரோ? டென்மார்க் எண்டு தெரியும்.” கையால் காலைக் காட்டினார். “காலுக்குத் தெரியேல்லை. மிதிக்குதில்லை.”

அவருடைய முழங்கால் துள்ளிக்கொண்டிருந்தது. என் கையை வைத்து அழுத்தினேன். அது என் கையையும் சேர்த்துத் துள்ளியது. அப்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, இத்தனை காலம் சொல்லாததைச் சொன்னார்.

“தம்பி முன்னுக்குப் பாரிலை இருந்தவன். ரோட்டிலை ஒரு குருவி இல்லை. ‘அண்ணை, ஏன் ஒரு வாகனத்தையும் காணேல்லை?’ எண்டு கேட்டவன். நான் சொன்னன், ‘நல்லதாப் போச்சு, காத்து வாங்கிக்கொண்டு போவம்’ எண்டு. நான்தான் சொன்னன். வளைவிலை நிண்டவங்கள். என்ரை அடையாள அட்டையிலை கவுண்மேந்து உத்தியோகம் எண்டு இருந்தது, விட்டிட்டாங்கள். அவனைப் பாரிலை இருந்தபடியே இழுத்தவங்கள். அவன் கேட்டவனப்பா. அவன் கேட்டவன்.”

நீங்கள் என்ன செய்ய முடியும் என்று சொல்லலாம். யார் வேண்டுமானாலும் அதைச் சொல்வார்கள். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மண்ணில் இருந்தேன். இந்தச் சுமையை இவர் தனியாகத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் படுத்து எழும்பியிருக்கிறார், நானோ கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

பள்ளத்தின் விளிம்பில் டீச்சர் வந்து நின்றார். கீழே இருந்த எங்களைக் கண்டு பயந்துபோனார். “என்ன நடந்தது? விழுந்தாரா?” என்று கேட்டார்.

எனக்கு அப்போது பேசத் தெரிந்த டேனிஷ் பால் வாங்கவும் நாள் கிழமை சொல்லவும் போதும். அவர் கற்றுத் தந்ததுதான். அதற்குள் சுற்றிவளைப்புக்கு ஒரு சொல் இல்லை. தம்பி என்று சொல்லத் தெரியும். சைக்கிள் என்று சொல்லத் தெரியும். இரண்டையும் சேர்த்து நடந்ததைச் சொல்ல முடியவில்லை. கடைசியில் வயிற்றைக் காட்டி, வயிற்று வலி என்றேன். டீச்சர் உடனே பையைத் திறந்து மாத்திரை தேடத் தொடங்கினார். அந்த நல்ல மனுஷியைப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரில் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“எழும்புங்கோ, போவம்” என்றேன் அவரிடம்.

“வாகனம் ஏதும் போகுதோ?”

“இல்லை.”

“ஒரு வாகனம் போனாப் பிறகு வாறன். ஒண்டு போகட்டும்.”

அதில் அவர் தெளிவாக இருந்தார். எங்கள் ஊரில் ஒழுங்கைக்குள் ஒதுங்கிய சனம் முதல் பஸ்ஸோ காரோ போனபிறகுதான் வெளியே வரும். நான் பள்ளத்திலிருந்து ஏறினேன். நகத்துக்குள் எல்லாம் கறுப்புச் சாம்பல். டீச்சரின் கையைப் பிடித்தேன். காருக்கு டேனிஷில் பீல் என்று சொல்வார்கள். “பீல்” என்றேன். “ஒரு பீல். தயவுசெய்து, ஒரு பீல்.” வாகனமே இல்லாத பாதை என்று அவர் பெருமையோடு கூட்டிவந்த இடத்தில் நின்று, ஒரு காருக்காக அவரைக் கெஞ்சினேன். மருத்துவரிடம் கொண்டுபோகத்தான் கேட்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். தச்சர் சைக்கிளில் ஏறிக் கீழே தெரிந்த பண்ணைவீட்டை நோக்கிப் பறந்தார்.

காத்திருந்த நேரம் நீண்டு போனது. பிறகு மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஒரு பழைய சிவப்புக் கார் வந்தது. பண்ணைக்காரர் ஓட்டினார். பக்கத்தில் அவருடைய மனைவி, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஏறியிருந்தார். அந்த ஏப்ரன்தான் உதவியது என்று இப்போதும் நினைக்கிறேன். என் கணவர் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே கண்ணை மட்டும் உயர்த்தி, காரை, காருக்குள் இருந்த பெண்ணை, அவளுடைய ஏப்ரனை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழும்பி வந்து, சைக்கிளை மூடியிருந்த பற்றையை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்.

காரில் ஏறச் சொன்னார்கள். ஏறமாட்டேன் என்றார். சைக்கிளில்தான் வருவேன், ஆனால் கார் முன்னால் போகவேண்டும் என்று கையால் காட்டினார். பண்ணைக்காரர் படகுத்துறை வரைக்கும் சைக்கிள் வேகத்தில் உருட்டிக்கொண்டு போனார். கார், அதன் பின்னால் என் கணவர், அவருக்குப் பின்னால் நான், டீச்சர், தச்சர். வழியில் இரண்டொருவர் நின்று பார்த்தார்கள். ஏதோ ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். கண்ணாடியில் பண்ணைக்காரரின் கண் அடிக்கடி பின்னால் பார்த்தது. கூடாரம் அவிழ்க்கப்படாமலே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. கொஞ்சம் கதைக்கத் தொடங்கினார். பிறகு வேலைக்குப் போனார். ஆனால் பாரில் என்னை வைத்துக்கொண்டு ஊரைக் கதைத்த அந்த மனுஷன் முழுதாகத் திரும்பி வரவில்லை. என்னால் அவரைக் கொண்டுவர முடியவில்லை. என் டேனிஷ் வளர்ந்ததும் டீச்சருக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில், தோட்டத்தோடு ஒரு வீடு மலிவாக வருகிறது, உங்களுக்கு அமைதி வேண்டும் என்றார். எனக்கு அந்தத் தோட்டத்தின் மேல் கொள்ளை ஆசை. என் கணவர் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார்.

லொறிகள் திரும்புகிற ஒரு சந்திக்கு மேலே, இரண்டாம் மாடியில் வீடு எடுத்தோம். கோப்பைகள் அலுமாரிக்குள் கிலுகிலுக்கும். மகள் பிறந்து வளர்ந்து, எப்படி இந்த இரைச்சலில் இருக்கிறீர்கள் என்று டேனிஷில் சண்டை பிடிப்பாள். அவர் ஜன்னலடியில் நிம்மதியாகக் குறட்டை விடுவார். “நல்லதாப் போச்சு” என்ற சொல்லை மட்டும் நான் அந்த வீட்டில் எதற்கும் சொன்னதில்லை. மழை விட்டாலும் இல்லை, காய்ச்சல் மாறினாலும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் தெருவை நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். பூச்சட்டிகள் வந்தன, உட்கார வாங்குகள் வந்தன. முதல்நாள் காலையில் அயலவர்கள் நடுத்தெருவில் மேசை போட்டுக் கோப்பி குடித்தார்கள். மகள் கேக் கொண்டு வந்தாள். நான் தேத்தண்ணியோடு ஜன்னலடிக்குப் போனேன். அவர் கதிரையை விட்டு எழும்பி, இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சேரும்,” என்றார், “ஏன் ஒரு வாகனத்தையும் காணேல்லை?”

கோப்பையைக் கீழே வைத்தேன். அவருடைய சப்பாத்தை எடுத்து வந்து, குந்தியிருந்து, ஒவ்வொரு காலாக மாட்டிவிட்டேன்.

“வாங்கோ,” என்றேன், “பஸ் ஓடுற ரோட்டுக்குப் போவம்.”